முதலில் விளக்கைப் பார்

மருதமலை அடிவாரத்தில் பூட்டி நிறுத்திவிட்டுப் போன காருக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. படியேறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்கி வர எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. கண்ணாடிகள் நான்கும் ஏற்றியபடியே இருந்தன. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "உள்ளே யாரையாவது விட்டுவிட்டுப் போனீர்களா சாமி? நீங்கள் அந்தப் பக்கம் போனதிலிருந்து பாடிக்கொண்டே இருக்கிறது" என்றார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். பாட்டு நின்றுவிட்டது.

இது 2011இல் நடந்தது. பழைய ஆல்ட்டோ ஒன்றை வாங்கியிருந்தேன். வீட்டில் கீல் உடைந்து, திரையில் பாதி கறுத்துப்போன லேப்டாப் ஒன்றும் சும்மா கிடந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்று தோன்றியதுதான் தொடக்கம். தேவை என்று ஒன்றும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சேர்த்து வைத்திருந்த பாட்டெல்லாம் காரில் கேட்க வேண்டும், வரைபடம் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், டாஷ்போர்டில் 7 அங்குலத் தொடுதிரை ஒன்று ஒளிர்வதைப் பார்க்கும் ஆசைதான். லேப்டாப்பை இடப்பக்க இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, திரையை மட்டும் மேலே கொண்டுவந்தேன்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சாவியைத் திருப்பினால் பாட வேண்டும். எடுத்தால் நிற்க வேண்டும். நடுவில் உங்கள் கையோ என் கையோ படக் கூடாது. அப்படி முடியாதென்றால் ரேடியோவே போதும்." அந்த மூன்று வாக்கியத்தை நிறைவேற்ற எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

முதல் தவறு மின்சாரத்தில். கார் தருவது 12 வோல்ட், லேப்டாப் கேட்பது 19 வோல்ட். எல்லோரையும் போல நானும் இன்வெர்ட்டர் வாங்கினேன். 12ஐ 230 ஆக்கி, அதில் லேப்டாப்பின் சொந்தச் சார்ஜரைச் செருகி, அது 230ஐ மறுபடி 19 ஆக்கும். பக்கத்தில் இருக்கும் அன்னூருக்குப் போக வேண்டியவன் சென்னை வழியாகப் போன மாதிரி. போதாததற்கு, சாவியை எடுத்த பிறகும் லேப்டாப் ஒழுங்காக மூடிக்கொள்ளச் சிறிது நேரம் மின்சாரம் வேண்டுமே என்று இன்வெர்ட்டரை நேராகப் பேட்டரியிலேயே கட்டிவிட்டேன். லேப்டாப்பின் சொந்த பேட்டரியோ பத்து நிமிடம் தாங்கினால் பெரிது.

ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போய்வந்தோம். வந்து பார்த்தால் கார் செத்துக் கிடந்தது. இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா இருப்பதற்கே கிட்டத்தட்ட 0.4 ஆம்பியர் தின்றுகொண்டிருந்திருக்கிறது. 72 மணி நேரத்துக்கு அது 29 ஆம்பியர்-மணி. ஆல்ட்டோவின் பேட்டரி மொத்தமே 35. அம்பாசடர் காலத்தில் தெருப்பையன்கள் நான்கு பேர் தள்ளினால் காரியம் முடிந்துவிடும். இது எம்பிஎஃப்ஐ வண்டி. பெட்ரோலைப் பீய்ச்சுவதற்கே உள்ளே ஒரு சிறு கணினிக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டால் தள்ளியும் பயனில்லை. எதிர்வீட்டு வண்டியிலிருந்து வயர் போட்டுக் கிளப்பினோம். அடுத்த வாரமே சென்னை ரிச்சி தெருவில், 12ஐ நேராக 19 ஆக்கும் டிசி கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிவந்து இன்வெர்ட்டருக்கு விடைகொடுத்தேன்.

அடுத்தது பொத்தான். லேப்டாப்பை எழுப்புவதென்றால் அதன் பவர் பொத்தானை யாராவது அழுத்த வேண்டும். மேசைக் கணினியாக இருந்தால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலில், 'மின்சாரம் வந்ததும் தானே எழு' என்று சொல்லி வைக்கலாம். சில லேப்டாப்களிலும், குறிப்பாகத் திங்க்பேட், டெல் வகைகள் சிலவற்றில், சார்ஜரைச் செருகியதும் எழும் வசதி உண்டு. என்னுடையதில் இல்லை. விசைப்பலகையைக் கழற்றிப் பார்த்தால், அந்தப் பொத்தான் ஒரு சாதாரண சுவிட்ச்தான். ஒரு முனையில் 3.3 வோல்ட், மறுமுனை எர்த். இரண்டையும் ஒரு நொடி சேர்த்தால் கணினி எழுகிறது. அந்த இரண்டு முனைகளிலும் மெல்லிய வயர் இரண்டைச் சால்டர் வைத்து வெளியே இழுத்தேன். விண்டோஸில் 'பவர் பொத்தானை அழுத்தினால் ஹைபர்நேட்' என்று மாற்றினேன்.

ஏன் ஹைபர்நேட் என்று கேட்கலாம். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்றொரு விதிமுறையை வெளியிட்டன. கணினியின் தூக்கத்துக்குப் படிநிலைகள் அதில் உண்டு. எஸ்3 என்பது கோழித்தூக்கம். நினைவகம் மட்டும் விழித்திருக்கும், மூன்று நொடியில் எழுந்துவிடும், ஆனால் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். எஸ்4, அதாவது ஹைபர்நேட், நினைவகத்தில் உள்ளதை எல்லாம் டிஸ்கில் எழுதிவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். எழ அரை நிமிடம் ஆகும். ஆனால் அதன் பிறகு வயரையே பிடுங்கிவிடலாம். ஒருமுறை பேட்டரி செத்த வீட்டுக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்!

இனி, சாவி திரும்பும்போது அந்த இரண்டு வயரையும் ஒரு கணம் சேர்க்க ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வேண்டும். எங்கள் பகுதி ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். கார் ரிலேயின் கால்களுக்கு எண்கள் உண்டு. 85, 86 சுருளுக்கு. 30, 87 தொடர்புக்கு. ஜெர்மானியத் தரம் ஒன்றிலிருந்து வந்த எண்கள். அது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "எண்பத்தாறுக்குச் சாவி, எண்பத்தைந்துக்கு எர்த்" என்று பெருக்கல் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார். அவரும் நானும் மின்சாரத்தைச் சிறிது சேமித்து வைக்கும் கண்டென்சர் ஒன்றை நடுவில் வைத்து, சாவி போட்டால் ஒரு தட்டு, எடுத்தால் ஒரு தட்டு என்று ரிலே தட்டுகிற மாதிரி செய்தோம். இரண்டு நாள் பிரமாதமாக ஓடியது. மூன்றாம் நாள்தான் மருதமலை.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. சாவித்துவாரத்தில் நான்கு நிலைகள் உண்டு: பூட்டு, ஏசிசி, ஆன், ஸ்டார்ட். நாம் 'செல்ஃப்' என்று சுருக்கமாகச் சொல்கிற செல்ஃப் ஸ்டார்ட்டர், சார்லஸ் கெட்டரிங் 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களுக்காக வடிவமைத்த மின் மோட்டாரின் வழித்தோன்றல். அது இன்ஜினைச் சுற்றும் அந்த ஓரிரு நொடி பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கும் மேல் உறிஞ்சும். அதற்காகவே, ஸ்டார்ட் நிலையில் ரேடியோ, லைட்டர் போன்றவற்றுக்குப் போகும் ஏசிசி இணைப்பைச் சாவி தானே துண்டித்துவிடும். செல்ஃப் அடிக்கும்போது ரேடியோ ஒரு கணம் ஊமையாவதைக் கவனித்திருப்பீர்கள். நான் சாவிக்கம்பி என்று எடுத்திருந்தது ஏசிசியை. ஆக ஒருமுறை வண்டியைக் கிளப்பினால் என் ரிலே மூன்று முறை தட்டியது: வந்ததற்கு ஒன்று, போனதற்கு ஒன்று, மறுபடி வந்ததற்கு ஒன்று. பாதி விழித்த நிலையில் லேப்டாப் இதில் சிலவற்றைக் காதில் வாங்கும், சிலவற்றை வாங்காது. தட்டிய எண்ணிக்கை ஒற்றைப்படையாக அதன் காதில் விழுந்தால் நான் தப்பித்தேன். இரட்டைப்படையானால், அன்றிலிருந்து எல்லாம் தலைகீழ். சாவி போட்டால் தூங்கும், எடுத்தால் பாடும்.

ஏசிசிக்குப் பதில் ஸ்டார்ட்டின்போதும் துண்டாகாத இக்னிஷன் கம்பியைப் பிடித்தேன். தலைகீழாவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. யாராவது பின்னிருக்கையிலிருந்து குனிந்து பொத்தானைத் தொட்டுவிட்டாலும், விண்டோஸ் தானாக ஒருமுறை மறுதொடக்கம் செய்துகொண்டாலும் கணக்கு தவறிவிடும். பெட்ரோல் பங்கில் வண்டியை அணைத்து உடனே கிளப்பினால் நிச்சயமாகத் தவறும்.

இந்தக் கட்டத்தில்தான் அப்பா வந்தார். வந்தார் என்ன, அதே திண்ணையில்தான் ஒரு மாதமாக உட்கார்ந்து நான் காரின் அடியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் 33 ஆண்டு, அதில் பெரும்பகுதி துணை மின் நிலையத்தில் ஆப்பரேட்டர். கணினியைத் தொட்டது கிடையாது. "ஏங்கண்ணு, அது தூங்குகிறதா முழித்திருக்கிறதா என்று உன் பெட்டிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"பிறகு எந்தத் தைரியத்தில் தட்டுகிறாய்?"

அன்று மாலை அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சாரம் இதுதான். துணை மின் நிலையத்தின் பேனலில், மின்பாதையை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரைப் போடவும் எடுக்கவும் டிஎன்சி சுவிட்ச் என்று ஒன்று இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் மூடும், மறுபக்கம் திருப்பினால் திறக்கும், கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே சுவிட்சைப் பார்த்து பிரேக்கர் எந்த நிலையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்குத் தனியாக விளக்குகள். சிவப்பு எரிந்தால் பிரேக்கர் மூடியிருக்கிறது, மின்சாரம் போகிறது. பச்சை எரிந்தால் திறந்திருக்கிறது. சாலை சிக்னல் பார்த்துப் பழகிய புதுப்பையன்கள் முதல் வாரம் இதில் குழம்புவார்களாம். மஞ்சள் எரிந்தால், யாரும் சொல்லாமல் தானாக ட்ரிப் ஆகியிருக்கிறது. முக்கியமான விஷயம், இந்த விளக்குகள் சுவிட்சிலிருந்து கட்டளை போனதை வைத்து எரிவதில்லை. பிரேக்கரின் உடம்போடு சேர்ந்து நகரும் துணைத் தொடர்புகள் இருக்கின்றன. அவைதான் விளக்கை ஏற்றுகின்றன. "போடு என்று நான் சொன்னதற்கும் அது போட்டுக்கொண்டதற்கும் நடுவில் ஸ்பிரிங் இருக்கிறது, சுருள் இருக்கிறது, துருவும் இருக்கிறது. முதலில் விளக்கைப் பார், பிறகு சுவிட்சில் கை வை" என்றார்.

நான் அதுவரை செய்ததெல்லாம் பொத்தானை எப்படி இன்னும் நேர்த்தியாக அழுத்துவது என்பதுதான்.

லேப்டாப்பில் துணைத் தொடர்பு எங்கே இருக்கிறது? முதலில் யுஎஸ்பியைப் பார்த்தேன். விழித்திருக்கும்போது அதில் 5 வோல்ட் வருகிறது. ஆனால் அணைந்த பிறகும், சார்ஜர் செருகியிருக்கும்வரை ஒரு துளையில் வந்துகொண்டேயிருந்தது. கைபேசி சார்ஜ் ஏற்றுவதற்காக அப்படி வைத்திருக்கிறார்களாம். பொய் சாட்சி. கடைசியில் பிடித்தது, பவர் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன நீல விளக்கை. விழித்திருந்தால் நிலையாக எரியும், எஸ்3இல் மெதுவாக மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும், ஹைபர்நேட்டில் அணைந்திருக்கும். மல்டிமீட்டரில் பார்த்தால் சரியாக அப்படியே வோல்ட் ஏறி இறங்கியது. அதிலிருந்து மூன்றாவது வயர் ஒன்றை இழுத்தேன்.

மூன்றாவது வயர் வந்ததும் கண்டென்சருக்கு வேலை போய்விட்டது. ஆர்டுவினோ ஊனோ என்ற, நாமே நிரல் எழுதி ஓட்டக்கூடிய சிறு மின்னணுப் பலகை அப்போது வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதைச் சாவிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உட்கார வைத்தேன். சாவி வந்து ஐந்து நொடி நிலைத்திருந்தால்தான் அது வந்ததாகக் கணக்கு. பிறகு நீல விளக்கை ஐந்து நொடி பார்க்கும், மூச்சுவிடுகிறதா நிலையா என்று தெரிவதற்காக. எரிந்துகொண்டிருந்தால் ஒன்றும் செய்யாது. அணைந்திருந்தால் 0.3 நொடி பொத்தானை அழுத்தும். 90 நொடிக்குள் விளக்கு வராவிட்டால் இன்னொருமுறை. அதற்கும் 90 நொடியில் பதில் இல்லையென்றால் முயற்சியைக் கைவிட்டு, டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றும். மஞ்சள் அப்பாவின் நிறத்தேர்வு. சாவியை எடுத்தால் உடனே எதுவும் செய்யாமல் மூன்று நிமிடம் காத்திருக்கும். பெட்ரோல் பங்க், பால் கடை, ரயில்வே கேட் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பிறகு தூங்க வைத்து, விளக்கு அணைந்ததை உறுதிசெய்துகொண்டு கன்வெர்ட்டரையும் ரிலேயால் துண்டிக்கும். கார் பேட்டரி 11.8 வோல்ட்டுக்குக் கீழே போனால், யார் என்ன கேட்டுக்கொண்டிருந்தாலும் பாட்டு கச்சேரி முடிந்தது.

இது எழுதும்போது அழகாக இருக்கிறது. ஓடும்போது அப்படி இல்லை. ஊனோ பலகை சும்மா இருக்கவே 50 மில்லி ஆம்பியர் எடுத்தது. ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, இரண்டு வாரம் வண்டி எடுக்காவிட்டால் பேட்டரியில் பாதி காலி. வேலியே பயிரை மேய்ந்த கதை. பலகையை விட்டு அதன் சில்லை மட்டும் தனியாக எடுத்து, வேலையில்லாத நேரம் அதையும் தூங்கச் செய்தேன். அப்போதும் 5 வோல்ட் தருகிற 7805 என்ற சின்ன உறுப்பு தன் கூலியாக 5 மில்லி ஆம்பியர் கேட்டது. கொடுத்தேன். எல்லாவற்றோடும் சண்டை போட முடியாது.

இன்னொரு காலை, செல்ஃப் அடித்த அந்தக் கணத்தில் லேப்டாப் பட்டென்று செத்தது. ஏசிபிஐயில் ஒரு விதி இருக்கிறது. பவர் பொத்தானை 4 நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், விண்டோஸைக் கேட்காமல் வன்பொருளே கணினியை அணைத்துவிடும். குளிர்காலம், பேட்டரிக்கும் வயதாகிவிட்டது. செல்ஃப் இழுக்கும்போது வோல்ட்டேஜ் 7க்கும் கீழே சரிந்து, சில்லு குழம்பி, ரிலேயை அழுத்திய நிலையிலேயே மறந்துவிட்டிருக்கிறது. உள்ளே வரும் கம்பியில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடும், பின்னால் 2200 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் வைத்தபின் அந்த நோய் தீர்ந்தது. அந்த ஒன்றிரண்டு நொடிக்குத் தேவையான மூச்சைக் கண்டென்சர் பிடித்து வைத்துக்கொள்கிறது.

வெயில்தான் தீராத நோய். மே மாதம் மதியம் இருக்கைக்கு அடியில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 57 பாகை. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் 55 அல்லது 60 வரைதான் ஓடத் தகுந்தவை. அந்த வருடமே லேப்டாப்பின் பேட்டரி லேசாக உப்பியிருப்பதைப் பார்த்துப் பயந்து, கழற்றி எறிந்தேன். உப்பிய லித்தியம் பேட்டரியைக் காருக்குள் வைத்துக்கொண்டு குழந்தைகளை ஏற்றுவது பைத்தியக்காரத்தனம். அதுவரை செய்திருந்ததே கொஞ்சம் அப்படித்தான்.

பெரிய விவாதம் வந்தது வேறொன்றுக்கு. ஒருநாள் அலுவலகத்தில் நிறுத்திவிட்டு மாலை வந்தால், மஞ்சள் விளக்கு எரிகிறது, இருக்கைக்கு அடியில் அனல். ஏதோ ஒரு மென்பொருள் 'மூடட்டுமா, வேண்டாமா' என்று பெட்டி போட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் பெட்டி இரண்டு முறை தட்டிவிட்டு, பதில் இல்லையென்று மரியாதையாக விலகிக்கொண்டது. பகல் முழுக்க லேப்டாப் ஓடியிருக்கிறது, அன்று 11.8 என்ற எல்லைக்கோடுதான் காரைக் காப்பாற்றியது.

அப்பா சிரித்தார். "பிரேக்கர் ட்ரிப் ஆகாவிட்டால் நாங்கள் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்போம் என்று நினைத்தாயா?" பெரிய துணை மின் நிலையங்களில் எல்பிபி என்றொரு பாதுகாப்பு உண்டாம். ஒரு பிரேக்கருக்குத் திற என்று கட்டளை போயும், நொடியின் சிறு பகுதிக்குள் மின்னோட்டம் நிற்கவில்லையென்றால், அதற்கு மேல் இருக்கிற எல்லா பிரேக்கர்களையும் அது திறந்துவிடும். ஊரில் பாதி இருளும். ஆனால் டிரான்ஸ்பார்மர் எரியாது. "கேட்டுப் பார்ப்பது ஒருமுறை, மறுமுறை. அதற்கு மேல் கேட்கக் கூடாது."

எனக்கு மனம் வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்கிலிருந்து மின்சாரத்தைப் பிடுங்குவது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் இலையை இழுப்பது போல. தொடங்கும்போது நீலத் திரையில் விண்டோஸ் டிஸ்கைச் சோதித்துக்கொண்டே கால் மணி நேரம் கழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு, பத்து நிமிடம் பொறுத்தும் நீல விளக்கு அணையாவிட்டால் கன்வெர்ட்டரைத் துண்டித்துவிடு என்று நிரலில் சேர்த்தேன். லேப்டாப்பில் பேட்டரி இல்லாததால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். அந்த வரி ஆறு ஆண்டில் நான்கு முறை வேலை செய்தது. பாட்டு ஒன்றும் தொலையவில்லை.

2017இல் ஆல்ட்டோவை விற்றேன். அதற்குள் கைபேசியே பாட்டும் வழியும் சொல்லத் தொடங்கிவிட்டிருந்தது. வாங்க வந்தவர் திரையைப் பார்த்து, "இதை எடுத்துவிட்டுக் கொடுங்கள் சார்" என்று மட்டும் சொன்னார். லேப்டாப்பையும் திரையையும் கன்வெர்ட்டரையும் கழற்றிக்கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து அழைப்பு. வண்டியைக் கிளப்பி மூன்று நிமிடம் ஆனால் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது, மெக்கானிக்கிடம் காட்டினால் இன்ஜினில் எதுவும் இல்லை என்கிறார், வண்டியில் என்ன மறைத்தீர்கள் என்று சற்றுக் கோபமாகவே கேட்டார்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒட்டியிருந்த அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்ற மறந்துபோயிருந்தேன். ஒவ்வொருமுறை சாவி திரும்பும்போதும் அது இல்லாத லேப்டாப்பை இருமுறை தட்டி எழுப்பிப் பார்த்துவிட்டு, விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தது. ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விளக்கு சரியாகத்தான் எரிகிறது என்று சொல்" என்றார்.

நான் அதைச் சொல்லவில்லை. காலருகே கறுப்பு டேப் சுற்றிய சிவப்புக் கம்பி ஒன்று இருக்கும், அதிலிருக்கும் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள் என்றேன்.